மேட்ச் பார்க்கப் போறோம், தீப்பெட்டியை எடுத்து வைங்க!

எங்க ஊரில் ‘மேட்ச்’ என்றால் முதல் அர்த்தம் தீப்பெட்டி. சிவகாசி, சாத்தூர் வட்டாரத்துத் தெருக்களில் ‘மேட்ச் ஒர்க்ஸ்’ என்று போர்டு தொங்கும். உள்ளே யாரும் பந்து அடித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். இரண்டாவது அர்த்தம் சேலைக்கும் ஜாக்கெட்டுக்குமானது. மூன்றாவது கிரிக்கெட். டென்னிஸுக்கு நாலாவது இடம்தான். அந்த நாலாவது அர்த்தத்துக்காக 500 கிலோமீட்டருக்கு மேல் ரயிலேறி, சென்னை நுங்கம்பாக்கத்தில் போய் உட்கார்ந்து கழுத்தை இடமும் வலமும் ஆட்டிவிட்டு வருகிற ஒரு சின்னக் கோஷ்டி இங்கே உண்டு. 2025-ல் அந்தக் கோஷ்டி எப்படிக் கிளம்பியது என்ற உள்கதையைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

எங்கள் தலைமையகம் ஓர் ஆப்செட் அச்சகத்தின் பின்கட்டு. மை வாசனை, மண்ணெண்ணெய் வாசனை, யாரோ குடித்து வைத்த டீ கிளாஸ். சுவரோரம் அடுத்த வருஷக் காலண்டர் தாள்கள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கும். முருகன் ஒரு கட்டு, லட்சுமி ஒரு கட்டு, குழந்தை சிரிக்கிற படம் ஒரு கட்டு. அச்சுக்கு முன் ஓட்டிப் பார்த்து ஒதுக்கிய வேஸ்ட் தாளின் பின்பக்கம்தான் எங்கள் திட்டப் பலகை. அதில் பென்சிலால் முதலில் எழுதுவது வீராங்கனையின் பெயரையோ, ரயில் நம்பரையோ இல்லை. தீபாவளி தேதியை.

காரணம் இருக்கிறது. இந்த ஊருக்கு இரண்டு பஞ்சாங்கம். பயராபீஸுக்கு ஒன்று, பிரஸ்ஸுக்கு ஒன்று. (பட்டாசு ஆலையை நாங்கள் பயராபீஸ் என்போம். அங்கே ஃபைலும் நாற்காலியும் இருக்கும் என்று நினைத்து வந்த வெளியூர் மாப்பிள்ளைகள் ஏமாந்திருக்கிறார்கள்.) இரண்டுக்கும் கதவு திறப்பது ஒரே நாளில். ஆடிப்பெருக்கு அன்று ஒரு பக்கம் பட்டாசுக் கடைகளில் பூஜை போட்டுச் சீசனைத் தொடங்குவார்கள், இன்னொரு பக்கம் புது வருஷக் காலண்டர் ஆல்பம் வெளிவரும். அதன்பின் பாதை பிரிந்துவிடும். பயராபீஸ் தீபாவளிவரை மூச்சு விடாது. தீபாவளி முடிந்ததும் சில வாரம் பூட்டு. பிரஸ்ஸோ தீபாவளி அன்றைக்கும் டிசம்பர் ஆர்டரை நினைத்துக்கொண்டிருக்கும். அதற்கு விடுதலை ஜனவரி பிறந்தால்தான். ஜனவரி 2-ஆம் தேதி காலண்டர் கேட்டு யார் வரப்போகிறார்கள்?

இப்போது டென்னிஸ் பஞ்சாங்கத்தைப் பக்கத்தில் வையுங்கள். சிரிப்பு வரும்.

ஆண்களுக்கான சென்னை ஓப்பன் 1997 முதல் 2017 வரை நுங்கம்பாக்கத்தில் நடந்தது. பெரும்பாலும் ஜனவரி முதல் வாரத்தில். அதாவது பிரஸ்காரர்களின் பொற்காலம்! காலண்டர் பாக்கியை வசூல் பண்ணச் சென்னைக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு ஸ்டேடியத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் உண்டு. 2018-ல் போட்டி புனேக்குப் போய்விட்டது. பிறகு 2022-ல் பெண்களுக்கான சென்னை ஓப்பன் வந்தது, செப்டம்பர் 12 முதல் 18 வரை. அந்த வருஷத் தீபாவளி அக்டோபர் 24. ஆறு வாரம்தான் இடைவெளி. லாரி செட்டில் விடியவிடிய லோடு ஏறுகிற நேரத்தில், மாலைநேர டென்னிஸ் பார்க்க லீவு கேட்டால் முதலாளி என்ன சொல்வார் என்பதை இந்தப் பத்திரிகையில் அச்சிட முடியாது. பிரஸ்ஸும் கழுத்துவரை வேலையில். ஊரிலிருந்து ஒரு ஈ காக்காய் போகவில்லை. செக் நாட்டு லிண்டா ஃப்ருஹ்விர்தோவா 17 வயதில் மக்தா லினெட்டை வென்று கோப்பை வாங்கியதை, அதுவும் முதல் செட்டைத் தோற்றுவிட்டு வாங்கியதை, நாங்கள் செல்போனில், அட்டைப்பெட்டி மேல் சாய்த்து வைத்துப் பார்த்தோம்.

2025-ல் தேதி வந்தது பாருங்கள்: அக்டோபர் 27 முதல் நவம்பர் 2. தீபாவளி அக்டோபர் 20. சரியாக ஒரே வாரம்! போனஸ் கையில், பயராபீஸ் பூட்டில். கணக்குப்பிள்ளை வேலை பார்க்கிற எங்க மாப்ள அன்றைக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்த சேவுப் பொட்டலத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து நின்றுவிட்டான். “இது நமக்காகவே போட்ட தேதி” என்றான். பிரஸ் அண்ணாச்சி மிஷினைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். “21 வருஷம் நாங்க போனோம். இனி நீங்க போங்கப்பா” என்றார். ஆட்சி மாற்றம் இவ்வளவு அமைதியாக எங்கேயும் நடந்திருக்காது.

அண்ணாச்சி எங்களுக்குக் கொடுத்த முதல் உபதேசம் 2008-ஐப் பற்றியது. அந்த வருஷம் நடால் சென்னைக்கு வந்திருந்தார். அண்ணாச்சி இறுதி ஆட்டத்துக்கு மட்டும் டிக்கெட் எடுத்தார். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தார். சனிக்கிழமை அரையிறுதியில் நடாலும் கார்லோஸ் மோயாவும் கிட்டத்தட்ட நாலு மணி நேரம் மோதினார்கள். மூன்று செட்டும் டைபிரேக். அந்த நேரம் அண்ணாச்சி சிவகாசியில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆசையாகப் போய் உட்கார்ந்தால், களைத்துப்போன நடாலை யூஷ்னி 6-0, 6-1 என்று முடித்து அனுப்பினார். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. “நடாலைப் பார்த்தேன்யா. நடால் விளையாடினதைப் பார்க்கல” என்று இன்றைக்கும் சொல்வார். இதே நடால் 2004-ல், பதினேழு வயசுப் பையனாக, ராப்ரேடோவோடு சேர்ந்து இங்கே இரட்டையர் கோப்பை வாங்கியபோது பாதிப் பேர் அவரைக் கவனிக்கவில்லை என்பது அண்ணாச்சியின் இரண்டாவது வருத்தம்.

ஆனால் கோஷ்டியின் மூளை அண்ணாச்சி இல்லை, மதினி. விருதுநகரில் பள்ளி ஆசிரியை, கணக்கு பாடம். வேஸ்ட் தாளில் அவர் போட்ட கணக்கு இது. ஒற்றையர் பிரிவில் 32 பேர். முதல் சுற்றில் 16 ஆட்டம், இரண்டாம் சுற்றில் 8, காலிறுதி 4, அரையிறுதி 2, கடைசியில் 1. மொத்தம் 31. அதில் 24 ஆட்டம் முதல் இரண்டு சுற்றிலேயே தீர்ந்துவிடும். அதற்கு முந்தின சனி, ஞாயிறு தகுதிச் சுற்று வேறு. “நிறைய டென்னிஸ் வேணுமா, பெரிய டென்னிஸ் வேணுமா, அதைச் சொல்லுங்க முதல்ல” என்றார். பக்கத்துக் கோர்ட்டில் கைக்கெட்டும் தூரத்தில் நின்று பார்க்க வேண்டுமென்றால் வாரத் தொடக்கம். பாட்டும் வெளிச்சமும் கோப்பையும் வேண்டுமென்றால் வாரக் கடைசி. இரண்டும் வேண்டும் என்று மாப்ள கையைத் தூக்கினான். கணக்கு டீச்சர் பார்க்கிற பார்வை ஒன்று உண்டே, அது கிடைத்தது.

வாரத் தொடக்கம் எங்களுக்கு முருகனாலேயே அடிபட்டது. திங்கள், அக்டோபர் 27, திருச்செந்தூரில் சூரசம்ஹாரம்! அம்மா கந்த சஷ்டி விரதம். “சூரனை விட்டுட்டு எவளோ பந்தடிக்கிறதைப் பார்க்கப் போறீயா?” என்ற கேள்விக்கு உலக டென்னிஸ் அமைப்புகள் எதனிடமும் பதில் கிடையாது. ஆகவே அம்மாவைத் திருச்செந்தூர் கூட்டிப்போவது என் பொறுப்பு, மதினிக்கு வெள்ளிக்கிழமை ஒரு நாள் சி.எல்., வியாழன் இரவு ரயில், வெள்ளி காலிறுதி, சனி அரையிறுதி, ஞாயிறு இறுதி என்று முடிவாயிற்று. பாதிப் பக்தியும் பாதி லீவும் சேர்ந்து போட்ட அட்டவணை.

பிறகு பார்த்தால் முருகன் காப்பாற்றித்தான் இருக்கிறார். அந்த வாரத் தொடக்கத்தில் மோந்தா புயல் ஆந்திரக் கரையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. சென்னையில் மழை ஆட்டங்களைத் தள்ளிப் போட்டது. திங்கட்கிழமை டிக்கெட் எடுத்திருந்தால் குடைபிடித்துக்கொண்டு தரையைத் துடைப்பதை வேடிக்கை பார்த்திருப்போம். அக்டோபர் கடைசியில் சென்னைக்குத் திட்டம் போடுகிறவர்கள் வடகிழக்குப் பருவமழையை ஐந்தாவது பயணியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதற்கும் ஒரு சீட்.

ரயில் விஷயத்துக்கு வருவோம். எங்களுக்குப் பொதிகைதான். செங்கோட்டையில் கிளம்பி, தென்காசி, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தை ஒட்டி சிவகாசிக்கு வரும். விடிகிற நேரத்துக்குச் சென்னை. இந்த வண்டிக்கும் டென்னிஸுக்கும் ஒரு ரத்த சம்பந்தம் உண்டென்று மதினி சொல்வார். 1960, 1961 இரண்டு வருஷமும் விம்பிள்டன் அரையிறுதி ஆடிய ராமநாதன் கிருஷ்ணன் தென்காசிக் குடும்பத்துப் பிள்ளை. ஒரு தடவை நீல் ஃப்ரேசரிடம், மறு தடவை ராட் லேவரிடம் தோற்றார். இரண்டு பேருமே அந்தந்த வருஷம் பட்டம் வாங்கியவர்கள். 1954-ல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வாங்கியவரும் அவரே. 1979-ல் மகன் ரமேஷும் அதை வாங்கினார். “நம்ம லைன்ல வர்ற ஆள்” என்று மாப்ள பெருமைப்பட்டான். ரயில்வே லைனைச் சொன்னான்.

முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. அக்டோபர் 30 வண்டிக்குக் கணக்குப் போட்டால் ஆகஸ்ட் 31 காலை 8 மணி. அந்த நேரம் ஊர் முழுக்கப் பட்டாசுக் கணக்கில் மூழ்கியிருக்கும், எங்களுக்கும் நினைவில்லை. கடைசியில் தட்கல். காலை 11 மணிக்கு மாப்ள, அவன் தங்கச்சி, நான் என்று மூன்று செல்போனில் மூன்று பேர் உட்கார்ந்து, திரி கொளுத்திவிட்டு ஓடுகிறவன் மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினோம். வெடித்தது ஒரு போன்தான். அது போதும்.

பஸ் ஏன் வேண்டாம் என்றால், இப்போது வெளியூர்ப் பஸ்கள் கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடுகின்றன. அங்கிருந்து நுங்கம்பாக்கம் தனி ஒரு யாத்திரை. ரயிலில் எழும்பூர் வந்தால் மின்சார ரயிலில் சேத்துப்பட்டு, அடுத்தது நுங்கம்பாக்கம். அங்கிருந்து ஆட்டோ. எழும்பூர் நிலையத்தில் மராமத்து நடப்பதால் சில வண்டிகள் தாம்பரத்தோடு நிற்கலாம், டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். தாம்பரத்திலிருந்தும் மின்சார ரயில் நேரே நுங்கம்பாக்கம் வழியாகத்தான் போகிறது. தங்குவதற்கு எழும்பூர் கென்னட் லேன் லாட்ஜ்கள் எங்கள் பட்ஜெட். வீராங்கனைகள் தங்குகிற ஓட்டலில் ஒரு காபி குடித்துப் பார்க்கலாமா என்று மாப்ள கேட்டான். அந்தக் காபி விலையில் சாத்தூர் சேவு எத்தனை கிலோ வரும் என்று மதினி கணக்குப் போட்டுக் காட்டினார். விஷயம் முடிந்தது.

பெட்டி கட்டும்போதுதான் ஊர்ச் சிக்கல். சென்னைச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே வேண்டுகோள்: “சிவகாசியிலேர்ந்து வர்றீங்க, மிச்ச வெடி ஏதும் கொண்டுவாங்களேன்!” முடியாது. ரயிலில் பட்டாசு கொண்டுபோவது குற்றம். ரயில்வே சட்டம் மூன்று வருஷம்வரை சிறை என்கிறது. கம்பி மத்தாப்பு ஒரு பாக்கெட் என்றாலும் அதே சட்டம். எங்க ஊர்க்காரர்கள் இதில் மற்ற எல்லோரையும்விடக் கறார், ஏனென்றால் மருந்து என்ன செய்யும் என்று எங்களுக்குத் தெரியும். ஸ்டேடியத்துக்குள் தீப்பெட்டி, லைட்டர் விடமாட்டார்கள் என்பது தனிச் சோகம். தீப்பெட்டி ஊர்க்காரன் சட்டைப் பையைத் தட்டிக் காட்டி, ‘இல்லை’ என்று சொல்லி உள்ளே போக வேண்டும். ஆகவே எங்கள் பட்டியலில் முதல் வரியே, மேட்ச் பார்க்கப் போகும்போது மேட்ச் பாக்ஸை வீட்டில் வைத்துவிட வேண்டும் என்பதுதான்.

தின்பண்டங்களில் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா சொந்தக்காரர்களுக்கு. சேவு எங்களுக்கு. வெளிச் சாப்பாடு ஸ்டேடியத்தில் பொதுவாக அனுமதி இல்லை, ஆகவே அதை ரயிலிலேயே முடித்துவிட வேண்டும் என்பது திட்டம். அது கஷ்டமான வேலையாக இல்லை. சிவகாசியில் நாங்கள் ஏறினோம். அரை மணி நேரத்தில் விருதுநகர். மதினியும் பன்னிரண்டு வயது மகளும் பிளாட்பாரத்தில் நிற்கிறார்கள், கையில் பொரிச்ச புரோட்டா பார்சல், வாழையிலையைத் தாண்டி எண்ணெய் வாசனை. ஊரில் பொரிச்ச புரோட்டாவைச் சுடச்சுட நொறுக்கிச் சால்னா ஊற்றித் தின்றவர்களுக்குத் தெரியும், இருபது நிமிஷம் ஆனால் அதன் மொறுமொறுப்பு போய்விடும். அந்த இருபது நிமிஷத்தை எங்கள் பெட்டி வீணாக்கவில்லை. அப்பர் பெர்த் பெரியவர் ஒருவர் வாசனை தாங்காமல் இறங்கி வந்து “எங்க போறீங்க எல்லாரும்?” என்றார். டென்னிஸ் என்றோம். “யாருக்கு உடம்பு சரியில்ல?” என்று கேட்டார். ஏதோ ஆஸ்பத்திரி பெயர் என்று நினைத்திருக்கிறார்.

நுங்கம்பாக்கம் ஏரிப்பகுதியில், வள்ளுவர் கோட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது அரங்கம். அந்த இடத்தில் ஒரு காலத்தில் ஏரியே இருந்தது. இப்போது தெருப் பெயரில் மட்டும் தண்ணீர். 1995 தெற்காசியப் போட்டிகளுக்காகக் கட்டியது. மைய அரங்கில் சில ஆயிரம் பேர்தான் உட்காரலாம், அதுதான் இதன் அழகு. கிரிக்கெட் மைதானத்தில் வீரர் எறும்பு மாதிரி தெரிவார். இங்கே ஷூ தரையில் கிறீச்சிடுவது கேட்கும், சர்வீஸ் போடும் முன் மூச்சு விடுவது கேட்கும். சீக்கிரம் போனால் பக்கத்துக் கோர்ட்டுகளில் பயிற்சி. மதினியின் மகள் கம்பி வேலியில் முகத்தை வைத்து அசையாமல் நின்றாள். பயிற்சியாளர் கூடையிலிருந்த பந்துகளைத் தீர்க்கத் தீர்க்க ஒரு வீராங்கனை ஒரே மூலைக்கு, ஒரே மூலைக்கு, ஒரே மூலைக்கு அடித்துக்கொண்டிருந்தாள். “தீப்பெட்டி அடைக்கிற பாட்டி மாதிரி இருக்கு சித்தப்பா, கை தானா போகுது” என்றாள் பிள்ளை. நான் கேட்ட டென்னிஸ் வர்ணனைகளில் அதுவே மேல்.

உள்ளே ஒரு ரகசிய விதி உண்டு. தெரியாமல் போனால் டீயும் போகும், ஆட்டமும் போகும். ஆட்டம் நடக்கும்போது இருக்கைக்கு வர விடமாட்டார்கள். வீராங்கனைகள் பக்கம் மாறும்போது ஒன்றரை நிமிஷம் கிடைக்கும், செட் முடிந்தால் இரண்டு நிமிஷம். அந்த நேரத்தில்தான் நுழைய வேண்டும். மாப்ள டீக்குப் போய்விட்டு இரண்டு கேம் வாசலிலேயே நின்றான். அடுத்த குழப்பம் சத்தம். புள்ளி முடியும்வரை வாய் திறக்கக்கூடாது என்பது எங்க ஊர்ச் சுபாவத்துக்குக் கடினம். நல்ல ஷாட் விழுந்ததும் பாதியிலேயே “ஏ!” என்று வந்துவிடும். நடுவர் “அமைதி, ப்ளீஸ்” என்று சொல்லும்போது எங்கள் வரிசையைப் பார்த்தது போலத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை இறுதி. இந்தோனேசியாவின் ஜானிஸ் ஜென், ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பிரெல். 6-4, 6-3. 2002-க்குப் பிறகு ஓர் இந்தோனேசியப் பெண் இந்த அளவிலான ஒற்றையர் பட்டம் வாங்கியது அதுவே முதல் தடவை. திரும்பும்போது மட்டும் பஸ்தான் என்பதால், மூன்றாவது செட் போயிருந்தால் பஸ்ஸா ஆட்டமா என்று கோஷ்டி உடைந்திருக்கும். மதினிக்குத் திங்கட்கிழமை முதல் பீரியடே ஏழாம் வகுப்பு. ஜென் அந்தச் சோதனையைக் கொடுக்கவில்லை. கிளாம்பாக்கம் வந்து, தூக்கத்திலேயே திருச்சி, மதுரை தாண்டி, காலையில் விருதுநகரில் மதினி இறங்கி நேரே பள்ளிக்கூடம் போனார். கையில் சி.எல். லெட்டர், காலில் இன்னும் நுங்கம்பாக்கத்து மழைச்சேறு.

மதினிக்கு இப்போது விம்பிள்டன் பைத்தியம் பிடித்திருக்கிறது. அங்கே முக்கிய மைதானங்களுக்கு அன்றன்றைக்கு வரிசையில் நிற்பவர்களுக்கென்று சில நூறு டிக்கெட் ஒதுக்குகிறார்களாம். முந்தின இரவே கூடாரம் போட்டுப் படுக்கலாம், ஒரு கூடாரத்தில் இரண்டு பேர் மட்டும். “தீபாவளிக்கு முந்தின நாள் நம்ம கடை வரிசை மாதிரிதானே, நமக்கு என்ன புதுசா?” என்கிறார். ஜூன் கடைசியும் ஜூலையும் பள்ளிக்கூடம் நடக்கிற காலம் என்பதை யாரும் அவருக்கு நினைவுபடுத்தவில்லை. அவரே கணக்கு டீச்சர்.

அச்சகத்துப் பின்கட்டில் 2026 காலண்டர் மாட்டியாகிவிட்டது, அண்ணாச்சி கடையில் அடித்ததே. அதில் நவம்பர் 8, ஞாயிறு, தீபாவளி என்று சிவப்பில் இருக்கிறது. டென்னிஸ் தேதி அதற்குப் பின்னால் விழுந்தால் மாப்ள வருவான். முன்னால் விழுந்தால் மதினியும் மகளும் மட்டும்தான். நாங்கள் விருதுநகர் ஸ்டேஷன் வரை வந்து புரோட்டா பார்சலைக் கையில் கொடுத்துவிட்டுத் திரும்புவோம். நீங்களும் இந்தப் பக்கத்துக்காரர் என்றால் டிக்கெட்டைத் தேடுவதற்கு முன் அந்தச் சிவப்பு எழுத்தைப் பாருங்கள். பையில் தீப்பெட்டி இருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள்.